எச்பிஏ1சி சொல்லாத இரவு நேரச் சர்க்கரை: கையில் கருவியுடன் 14 நாள்கள்

பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை முடிந்து மருத்துவர் முன் உட்காரும்போது நம்மில் பலரும் கேட்பது ஒரே ஓர் எண்ணைத்தான்: எச்பிஏ1சி எவ்வளவு? சென்ற முறை எனக்கு 6.8 விழுக்காடு. ஏழுக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலோருக்கு நல்ல கட்டுப்பாடு என்று கொள்வதால் மருத்துவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். 11 ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவுடன் வாழ்பவனுக்கு அது தேர்வில் தேறிய மகிழ்ச்சி.

ஆனால், சில மாதங்களாகவே விடியற்காலையில் பனியன் நனையும் அளவுக்கு வியர்த்து விழிப்பு வந்துகொண்டிருந்தது. எழுந்தால் தலை கனக்கும். மின்விசிறியைக் கூட்டி வைத்தேன், வயதாகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். எழுந்து போகும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் மருத்துவர் மீண்டும் உட்காரச் சொன்னார். “இரவில் எப்போதாவது விரலில் குத்திப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நடு இரவில் யார் எழுந்து குத்திப் பார்ப்பார்கள்? இரண்டு வாரத்துக்குத் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியை அணிந்து பார்க்கலாமா என்றார்.

என் அப்பாவுக்கு இனிப்பு நீர் முற்றி ஒரு காலை எடுத்தார்கள். அதனால் எண் கூடுவதற்குப் பயந்தே வளர்ந்தவன் நான். குறைவதற்கும் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதைவிட, சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை என்பதே சரி.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அது அளக்கிறது. 6.8 விழுக்காடு என்றால் சராசரி ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிமோல். ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்குப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு இறங்கிய கணக்குப்பிள்ளையின் கதை நமக்குத் தெரியும். ஒருவர் நாள் முழுவதும் எட்டிலேயே இருந்தாலும் 8.2 வரும், பகலில் 13க்கு ஏறி இரவில் 3.5க்கு இறங்கினாலும் 8.2 வரலாம். இரண்டும் ஒரே உடல்நிலை அல்ல.

(தமிழ்நாட்டு உறவினரோடு பேசும்போது குழம்புபவர்களுக்காக: அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று சொல்வார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 10 என்பது அவர்களுக்கு 180. தஞ்சாவூரிலிருந்து அழைக்கும் என் கொழுந்தியாள், “என்னத்தான், சுகர் பத்துதானா, மயக்கம் வரலையா?” என்று ஒருமுறை பதறிவிட்டார்.)

கருவி எப்படி வேலை செய்கிறது?

ஒரு 50 காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளை வில்லை. மேற்கையின் பின்புறம், சதை உள்ள இடத்தில் ஒட்டுவார்கள். அதனுடன் வரும் உறையை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே போன ஊசி வெளியே வந்துவிடும். முடியளவு மெல்லிய, நெகிழும் இழை ஒன்று மட்டும் தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தங்கும். விரலில் குத்துவதைவிட வலி குறைவு. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த இழையின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். குளுக்கோஸ் அதில் படும்போது வேதிவினை நடந்து மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். அதை எண்ணாக மாற்றித் திறன்பேசிச் செயலிக்கு அனுப்புகிறது வில்லை. அடிப்படை யோசனை புதியதல்ல. 1962லேயே அமெரிக்க அறிவியலாளர் லீலண்ட் கிளார்க் நொதியையும் மின்முனையையும் இணைத்துக் குளுக்கோஸை அளக்கும் முறையை வெளியிட்டார். உடலில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் குளிக்கவும் தூங்கவும் முடிகிற அளவுக்கு அது சிறுக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஃபிரீஸ்டைல் லிப்ரே, டெக்ஸ்காம் ஆகியவை பலரும் கேள்விப்பட்ட பெயர்கள். வகையைப் பொறுத்து ஒரு வில்லை 10 முதல் 15 நாள் வரை உழைக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையோ அளக்கும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1,440 அளவுகள். நான் அதுவரை குத்திப் பார்த்தது நாளுக்கு ஒன்று, அதுவும் காலையில் வெறும் வயிற்றில்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவி அளப்பது ரத்தத்தை அல்ல. தோலுக்கடியில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது. குளுக்கோஸ் முதலில் ரத்தத்துக்கு வந்து, பிறகுதான் அந்த நீருக்குப் பரவுகிறது. ஆகவே கருவி சில நிமிடங்கள் பின்தங்கியே நடக்கும். ஐந்து முதல் பத்து நிமிடம், சில வேளை இன்னும் கொஞ்சம். சர்க்கரை சீராக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரல் ரத்தம் ஒன்றையும் கருவி வேறொன்றையும் காட்டும். தவிர, ஒட்டிய முதல் நாள் அளவுகள் சற்று முன்பின்னாக இருக்கலாம். எனக்கு முதல் நாள் மாலை கருவி 9.4 என்றது, விரல் 8.3 என்றது. பணம் வீண் என்று அன்று நினைத்தேன். அடுத்த நாள் வித்தியாசம் பெரும்பாலும் அரைப் புள்ளிக்குள் வந்துவிட்டது.

சாப்பாட்டில் கண்டது

நல்லது என்று நாம் நம்பிச் சாப்பிடுவதில்தான் முதல் அடி விழுந்தது. உடம்புக்கு நல்லதென்று பல ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் காலையில் உடனடி ஓட்ஸ் கஞ்சி குடிப்பேன். அது என்னை ஒரு மணி நேரத்தில் 7.1லிருந்து 13.1க்குக் கொண்டுபோனது. குற்றவுணர்வோடு சாப்பிடும் இரண்டு தோசையும் சட்னியும்கூட 12.4தான். ஓட்ஸ் கெட்டதல்ல, கொதிநீர் ஊற்றினால் குழையும்படி நசுக்கிப் பதப்படுத்திய வகை வேகமாகச் செரித்துவிடுகிறது. முழுதாக வெட்டிய ஓட்ஸ் அவ்வளவு வேகமாக ஏற்றாது, ஆனால் அதைச் சமைக்கப் பொறுமை வேண்டும்.

தோசையை விட மனமில்லை. அதனால் அதையே வேறு விதமாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். முதலில் ஓர் அவித்த முட்டையும் காய் நிறைந்த சாம்பாரும், பத்து நிமிடம் கழித்துத் தோசை, தே தாரேக்குப் பதில் தே-ஓ கோசோங். உச்சம் 10.3. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் ஏற்றம் குறையும் என்று ஆய்வுகள் சொல்வதைப் படித்திருக்கிறேன். என் கையிலேயே அதைப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது.

பரோட்டா என்னை ஏமாற்றப் பார்த்தது. தேக்காவில் இரண்டு வெறும் பரோட்டாவும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 8.9தான். அட, பரவாயில்லையே என்று சக ஊழியரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்று மணி நேரம் கழித்து 11.8. எண்ணெய் அதிகமான உணவு வயிற்றிலிருந்து மெதுவாக நகர்வதால் ஏற்றம் தாமதமாக வந்து நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பார்ப்பவருக்கு இது தெரியவே வராது. பரோட்டா பாதுகாப்பானது என்று யாராவது தங்கள் கருவியைக் காட்டினால், பின்னும் இரண்டு மணி நேரம் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காப்பிக்கடைக் காப்பி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிப்பால் காப்பி வெறும் வயிற்றில் மூன்று புள்ளி ஏற்றியது, காப்பி-ஓ கோசோங் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. 2023 இறுதியிலிருந்து கடைகளில் புதிதாகத் தயாரிக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் குறியீடு வந்துவிட்டது. ‘சி’, ‘டி’ எழுத்துகளைப் பார்த்தும் வாங்குபவர்களில் நானும் ஒருவன்.

எல்லாவற்றையும்விடச் சுலபமாகப் பலன் தந்தது நடை. மதியச் சோறும் கோழிக் குழம்பும் ஒரே அளவில் இரண்டு நாள் சாப்பிட்டேன். உட்கார்ந்தே இருந்த நாள் 12.6. சாப்பிட்டவுடன் புளோக்கைச் சுற்றி 15 நிமிடம் நடந்த நாள் 10.4. நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. உடற்பயிற்சிக் கூடமும் விலை உயர்ந்த காலணியும் தேவைப்படவில்லை.

இவை என் எண்கள். அதே தோசை உங்களுக்கு வேறு எண்ணைத் தரும். அதே எனக்கேகூடத் தூக்கம் கெட்ட மறுநாள் வேறு எண்ணைத் தந்தது.

வெள்ளிக்கிழமை இரவு

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயம். செவ்வாய்க்கிழமை கருவியை ஒட்டியிருந்தேன். 3.9க்குக் கீழே இறங்கினால் திறன்பேசி ஒலிக்கும்படி அமைத்துக் கொடுத்தார் தாதி. முதல் இரவே இரண்டு மணிக்கு அலறியது. செயலி 3.6 என்றது. எழுந்து விரலில் குத்தினேன்: 6.1. கருவி ஒட்டிய கையின் மேலேயே படுத்திருந்தேன். அப்படி அழுத்தும்போது அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்வைக் கருவி காட்டும். இது எல்லா வகைக் கருவிகளிலும் நடக்கக்கூடியது. புரண்டு படுத்தேன், கால் மணி நேரத்தில் எண் தானே ஏறியது. “இதைக் கழற்றிப் போடுங்களேன்” என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமை இரவு மூன்று பத்துக்கு மறுபடியும் அலறல். செயலியில் 3.4. இந்த முறை நான் மல்லாந்து படுத்திருந்தேன். பனியன் நனைந்திருந்தது. விரல் ரத்தமும் 3.5 என்றது. கை நடுங்கியதால் இரண்டாவது முறை குத்தித்தான் போதுமான துளி வந்தது. அந்த வியர்வையின் பெயர் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: தாழ் சர்க்கரை.

மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார் மனைவி. ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை, பிறகு 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் பரிசோதனை, அதுதான் வழிமுறை. 15 நிமிடம் கழித்து விரல் 5.2 என்றது. ஆனால், கருவி இன்னும் 3.7லேயே நின்றது. மேலே சொன்ன பின்தங்கல்தான். கருவியை மட்டும் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு கரண்டி குடித்திருப்பேன், காலையில் 14இல் விழித்திருப்பேன். தாழ்வின்போது குணமடைந்ததை உறுதிசெய்ய விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

காலை ஆறரைக்கு 7.9 என்று காட்டியபோது இன்னொரு புதிரும் விடுபட்டது. விடியும் நேரத்தில் உடல் விழிப்புக்குத் தயாராகும்போது சில ஹார்மோன்கள் கூடி, கல்லீரல் குளுக்கோஸை வெளியிடுகிறது. நான் தினமும் குத்திப் பார்த்த காலை எண் எட்டை ஒட்டியே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரவில் என்ன நடந்தது என்பதற்கு அந்த நேரத்தில் தடயமே இல்லை. காலை எண் சற்றுக் கூடுதலாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு, இரவுச் சாப்பாட்டை மேலும் குறைத்துக்கொண்டு வந்தேன். வியாதிக்கு எதிராக நடப்பதாக எண்ணி, வியாதியின் இன்னொரு பக்கத்துக்கு உதவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஏன்? அன்று மாலை கோயிலுக்குப் போய்வந்து விரதச் சாப்பாடு: இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் ஏழு மணிக்கு விழுங்கிவிடுவேன். மெட்ஃபார்மினோடு நான் உட்கொண்ட இன்னொரு மாத்திரை கிளிபிசைட். மெட்ஃபார்மின் தனியாகத் தாழ் சர்க்கரையை உண்டாக்குவது அரிது. கிளிபிசைட், கிளிக்லசைட் போன்றவை அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இல்லாத இரவில் அந்த இன்சுலின் எதன்மேல் வேலை செய்யும்? அடுத்த வெள்ளியும் அதே கதை நடந்தது, 3.3. இரவு உணவைக் குறைத்த மற்ற நாள்களிலும் சிறிய சரிவுகள் தெரிந்தன. நிறையச் சாப்பிட்ட இரவுகளில் ஒன்றும் இல்லை.

அறிக்கையை வாசித்த விதம்

இரண்டு வாரம் முடிந்ததும் செயலி ஒரு பக்க அறிக்கையாகத் தந்ததை மருத்துவரிடம் காட்டினேன். 14 நாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே 24 மணி நேர வரைபடமாகக் காட்டும் அறிக்கை அது. அவர் முதலில் பார்த்தது சராசரியை அல்ல, எத்தனை நேரம் எந்த எல்லையில் இருந்தேன் என்பதை. 3.9க்கும் 10க்கும் இடையே 72 விழுக்காடு, 10க்கு மேல் 23, 3.9க்குக் கீழ் 5.

2019இல் அனைத்துலக நிபுணர்கள் வகுத்த பரிந்துரைப்படி, பெரும்பாலான நீரிழிவு நோயாளிகள் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நேரம் 3.9க்கும் 10க்கும் இடையே இருக்க வேண்டும். 3.9க்குக் கீழே நான்கு விழுக்காட்டுக்கும் குறைவாக, 3க்குக் கீழே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் தாழ் சர்க்கரை அபாயம் மிகுந்தவர்களுக்கும் அளவுகோல் வேறு: எல்லைக்குள் பாதி நேரம் இருந்தாலே போதும், ஆனால் 3.9க்குக் கீழே ஒரு விழுக்காடுகூட ஆகக்கூடாது. வயதான பெற்றோரின் எண்ணை ஆறுக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று துரத்தும் பிள்ளைகள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கலாம். முதியவர்களுக்குத் தாழ் சர்க்கரை என்றால் இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது வரை போகும்.

என் 5 விழுக்காடு பார்க்கச் சிறியது. மணிக்கணக்கில் பார்த்தால் 14 நாள்களில் ஏறக்குறைய 17 மணி நேரம். முதல் நாள் இரவு போன்ற பொய்த் தாழ்வுகளும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், நான் குறித்து வைத்திருந்த விரல் அளவுகளையும் அவர் கேட்டு வாங்கி ஒப்பிட்டார். மாலை கிளிபிசைட்டைப் பாதியாக்கினார். இரவு உணவைத் தவிர்க்கும் நாளில் அந்த மாத்திரையையும் தவிர்க்கச் சொன்னார். இது எனக்குச் சொன்னது. உங்கள் மாத்திரையை இந்தக் கட்டுரையைப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

2017 தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்கு நீரிழிவு என்று சொன்னது நினைவிருக்கும். அத்தனை பேரும் இதை ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. இன்சுலின் போடுபவர்கள், அதிலும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இதன் பயன் பெரிது. என்னைப்போல் மாத்திரையில் இருப்பவர்களுக்கு, காரணம் தெரியாத ஏற்ற இறக்கம் இருக்கும்போதோ மருந்து மாற்றும்போதோ இரண்டு வாரம் போதுமானதாக இருக்கலாம். நான் வாங்கியபோது ஒரு வில்லை நூறு வெள்ளியை ஒட்டி வந்தது. மாதம் இரண்டு என்றால் சாதாரணக் குடும்பத்துக்குச் சுமைதான். மெடிசேவ் அல்லது வேறு உதவி உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்று மருந்தகத்திலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நீரிழிவு இல்லாதவர்களும் ஆசைக்கு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். ஒரு மாம்பழத்துக்குப் பிறகு கோடு ஏறுவதைக் கண்டு மாம்பழத்தையே வெறுக்கத் தொடங்கினால் அது இன்னொரு நோய். எனக்கே முதல் வாரம் அந்தக் கிறுக்கு பிடித்தது. பேருந்தில், கழிவறையில், மகளின் பட்டமளிப்பு விழாவில்கூடத் திறன்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

சில நடைமுறை விஷயங்கள். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுக்கப் போகும்போது கருவி அணிந்திருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சில கருவிகளில் எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ஒட்டிய இடத்தில் அரிப்போ சிவப்போ வந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுவதற்கு முன் அங்கே எண்ணெயோ களிம்போ தடவாதீர்கள், நம் வெப்பத்தில் நான்காம் நாளே கழன்று விழும். உடம்பு சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள்.

இணையத்தில் முப்பது நாற்பது வெள்ளிக்கு, ஊசியே இல்லாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விற்கிறார்கள். என் அண்ணன் ஒன்று வாங்கி, எனக்கும் ஒன்று வாங்கித் தரட்டுமா என்றார். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அண்ணனின் கடிகாரத்தை அவர் கையிலும் என் கையிலும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தோம், இருவருக்கும் 5.6. என் விரல் அப்போது 9.7 என்றது. தாழ்வு வந்திருந்தாலும் அது 5.6 என்றுதான் சொல்லியிருக்கும் போலிருக்கிறது.

மருந்து மாற்றி ஆறு வாரம் கழித்து இன்னொரு வில்லை ஒட்டிக்கொண்டேன், இந்த முறை என் விருப்பத்தில். 3.9க்குக் கீழே ஒரு விழுக்காடு. அதுவும் ஒரு பகல், சாப்பிடாமல் பொருள் தூக்கிய நாளில். மனைவி மட்டும் குளுக்கோஸ் டப்பாவையும் ஒரு கரண்டியையும் கட்டில் பக்கத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாலோடு இப்போது இரண்டு இட்டிலியும் வருகிறது. விரதம் கெடாதா என்று கேட்டேன். “இட்டிலி சைவம்தானே, பேசாம சாப்பிடுங்க” என்றார்.